மச்சானுக்கு விட்ட சொட்டு

கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் அன்றைக்கு இரண்டு முறை கழுவினேன். பாட்டிலின் மூக்கு இமையில் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டதும், மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல் இருக்க, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ கவனக்குறைவாக நடந்துகொண்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் வேல்ராஜ். சங்கரன்கோவிலில் லாரி ஷெட்டில் மூட்டை சுமக்கிறவன். தறிக்கு வருகிற நூல் மூட்டையும், புளியங்குடியிலிருந்து வருகிற எலுமிச்சை மூட்டையும் முப்பத்தாறு வருடமாக இந்த முதுகில்தான் ஏறி இறங்குகின்றன. மூட்டைமேல் பெரிது பெரிதாக எழுதியிருப்பார்கள். என்ன எழுத்து என்று தெரியாமலே சுமந்தேன். ஐம்பத்து நான்காம் வயதில், சாயங்காலம் ஆரம்பப் பள்ளியில் நடந்த எழுத்தறிவு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட பெஞ்சு, முட்டி இடிக்கும். முதல் நாள் அசதியில் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு எழுத்துப் போட்டேன். மூன்று வருடத்தில் பஸ் போர்டு, கடைப் பலகை, செய்தித்தாளில் முதல் பக்கம் வரைக்கும் வந்துவிட்டேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும்.

இனி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சங்கரநாராயணன். என் மனைவி வள்ளித்தாயின் அண்ணன். ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பெண்சாதி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அடுத்த தெருவில் வீடு என்றாலும் முக்கால்வாசி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் பெயர், முகூர்த்த நாள், நேரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். அதை நிச்சய ஓலை என்போம். வாசித்து முடித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். முப்பது வருடமாக எங்கள் வீடுகளில் எந்த ஓலையானாலும் வாசிப்பது மச்சான்தான். தொண்டையைச் செருமுவார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போடுவார். பிறகு ஒரு மூச்சில் தண்ணீர் மாதிரி வாசிப்பார். பெண்கள் சமையலை விட்டுவிட்டு வந்து நின்று கேட்பார்கள்.

என் கல்யாணத்தன்று கோவில் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டபோது, மை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவரும் அவர்தான்.

"மாப்ளைக்கு எந்த வெரலுன்னாவது தெரியுமா, அதையும் நான் புடிச்சு வைக்கணுமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஒரு வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி இருக்கும். அவர் நீலக் கரை வேட்டி கட்டியிருந்தார். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

என் மகள் அபிதாவுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. மாரிச்செல்வம் என்று பெயர், நல்ல பையன். நிச்சயத்துக்கு நாள் குறித்த அன்று நான் மச்சானிடம் பதமாகத்தான் கேட்டேன்.

"மச்சான், பிள்ளையோட ஓலைய நான் வாசிக்கேன்."

"யாரு, நீரா?" என்றார். "வே, நீரு 'நிகழும்'னு ஆரம்பிச்சு 'மங்களகரமான'ங்கதுக்கு வந்து சேருததுக்குள்ள ராகு காலம் வந்துரும். பொறவு எமகண்டம் வரும். பிள்ளைக்குத் தலை நரைச்சிரும்."

வள்ளித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் வாசிக்கட்டும்யா. நாலு சனம் வார எடம். நீங்க பன்னீர் தெளிங்க" என்றாள்.

பன்னீர் தெளிப்பதும் நல்ல காரியம்தான்.

அதே வாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் முகாம் போட்டார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. மச்சான்தான் தன் மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனார். ப்ரியதர்ஷினி என்று ஒரு பிள்ளை, வெள்ளைக் கோட்டு, ரொம்பப் பொறுமை. என் கண்ணில் சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னது. முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, மடியில் இருந்த செய்தித்தாளை எடுத்தேன்.

எழுத்து இல்லை.

தாள் இருந்தது, கறுப்பாக என்னமோ இருந்தது, எழுத்து இல்லை. மூட்டைமேல் முன்னால் பார்த்த மாதிரியே இருந்தது. மூன்று வருடம் முட்டி இடிக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் இரண்டு சொட்டில் போய்விட்டது என்று நினைத்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"ஐயா, பயப்படாதீங்க" என்றது அந்தப் பிள்ளை. "கண் பாப்பா விரியுறதுக்குப் போட்டது. அது விரிஞ்சாத்தான் உள்ள பாக்க முடியும். கிட்டத்து எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். அஞ்சாறு மணி நேரத்துல தானா சரியாயிரும்."

அதேபோலச் சாயங்காலம் சரியாகிவிட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்போது எனக்கு அந்த மருந்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. யாரையும் காயப்படுத்தாமல், ஒரு அரை நாளைக்கு மட்டும், எவ்வளவு படித்தவனையும் அது என்னைப் போல ஆக்கிவிடுகிறது.

கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தமிழில் அச்சடித்தது. அதை வீட்டில் வைத்துப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். பாட்டில் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் குனிந்தேன். அந்தப் பிள்ளை வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தது. பேச்சில் குறுக்கிடுவது மரியாதை இல்லை.

திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று தாளில் இருந்தது. நிச்சயதார்த்தம் இருபத்திரண்டாம் நாள் வந்தது. அந்த விஷயத்தில் தப்பே இல்லை.

மச்சானுக்குக் கண் உலர்ந்து போகிற தொந்தரவு. கடையில் கிடைக்கிற சாதாச் சொட்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். தனக்குத் தானே விட்டால் கன்னத்தில் விழும். அதனால் தினமும் காலையில் எங்கள் வீட்டு நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்து, "மாப்ள, சொட்டு விடும்" என்பார். அன்றைக்கும் எட்டரை மணிக்கு வந்து அண்ணாந்தார். நான் செய்ததெல்லாம் கையில் இருந்த பாட்டிலை மாற்றியது மட்டும்தான்.

"என்ன வே, இன்னைக்கு மருந்து காந்துது?"

"புதுப் பாட்டில் மச்சான். கண்ண மூடிக்கிட்டு இரும்."

நல்ல பிள்ளை மாதிரி மூடிக்கொண்டு இருந்தார்.

மருந்து விட்ட பிறகு வண்டி ஓட்டக் கூடாது. அதனால் மொபெட் சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அதை முதல் நாளே தேரடியில் வாங்கி வைத்திருந்தேன். "மச்சான், இதப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லும். சிவகிரிக்காரன் அசந்துருவான்" என்றேன். அவர் போட்டுக்கொண்டு, சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்து, மீசையை நீவிவிட்டார். அவர் கண்மேல் அவருக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அக்கறை அதிகம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பத்து மணிக்குச் சிவகிரி வேன் வந்தது. தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சபை நிறைந்துவிட்டது. மச்சான் எழுந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, படிக்கிற கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமினார். ஓலையை விரித்தார்.

கையைக் கிட்டே கொண்டுவந்தார். தூரமாக நீட்டினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டார். வெளிச்சம் போதவில்லை போல என்று பந்தல் ஓரத்துக்கு நகர்ந்தார். வெயில் முகத்தில் பட்டதும் கண் கூசி, தாரை தாரையாகத் தண்ணீர் ஊற்றியது.

"தாய்மாமனுக்குக் கண்ணு கலங்குது பாரு. பாசம்னா இதுல்லா பாசம்" என்றாள் ஒருத்தி.

"நி..." என்றார் மச்சான். பிறகு நிறுத்திவிட்டார். "எழுத்தெல்லாம் எறும்பு கலைஞ்ச மாதிரி ஓடுது வே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதில்லை.

சிவகிரியிலிருந்து வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு: "படிக்கத் தெரியாத ஆளுகிட்டயா ஓலையக் குடுத்தாவ? வேற ஆளே இல்லையா இந்த வீட்டுல?"

நான் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். "இங்கன தாரும் மச்சான்" என்றேன்.

வாசித்தேன். எல்லா ஓலைக்கும் வாசகம் ஒன்றுதான் என்பதால் இருபத்திரண்டு நாள் பழகியிருந்தாலும், நான் மனப்பாடமாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் வாசித்தேன். 'நிகழும்' என்பதிலிருந்து 'மங்களகரமான' என்பதற்கு வர எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அடுக்களையிலிருந்து பெண்கள் வந்து நின்றார்கள். வள்ளித்தாய் வாயைப் பொத்தவில்லை. அபிதா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முடித்தபோது, காது மந்தமான ஒரு சிவகிரிப் பெரியவர், "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். அவருக்காக முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தேன்.

இரண்டாம் முறை பாதியில் இருக்கும்போதே மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதை நான் கவனித்தேன். ஆனால் வாசிப்பைப் பாதியில் விட்டால் அபசகுனம்.

அடுத்தது கையெழுத்து. இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் ஓலையில் போட வேண்டும். கிட்டத்து எழுத்து தெரியாத நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று முகாமில் கொடுத்த தாளில் தெளிவாக இருந்தது. ஆகையால் மச்சானை ரேகை வைக்கச் சொன்னேன். மை அட்டையை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். எந்த விரல் என்று அவர் கேட்கவில்லை. நானே பிடித்து வைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் சாப்பிடவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தோம்.

"லைட்டச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் வட்டமாத் தெரியுது" என்றார்.

"நல்ல சகுனம்லா. நிச்சயத்தன்னைக்கு யாருக்குத் தெரியும் இப்படி" என்றார் அந்தக் காது மந்தப் பெரியவர். இது மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

பிறகு மச்சான் வாந்தி எடுத்தார். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். திருஷ்டி என்று வள்ளித்தாய் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை என்பதால் திருஷ்டிதான் என்று முடிவாகிவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை. கடுமையான வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று தாளில் கடைசி வரியில் போட்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் வந்த சனத்துக்கு இன்னும் இரண்டாம் பந்தி முடியவில்லை. எல்லாரும் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நல்லா வாசிச்சிய" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் அந்த இடத்தை விட்டு எங்கே போக முடியும்? ஐந்தாறு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் அந்தப் பிள்ளையும் சொல்லியிருந்தது.

மறுநாள் காலையில் நெல்லைக்குக் கூட்டிப்போனோம். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கல்லாக இருக்கிறது என்றார். "என்ன சொட்டு விட்டீங்க?" என்று கேட்டார். மச்சானின் சட்டைப் பையிலிருந்து சாதாச் சொட்டை எடுத்து நான்தான் கொடுத்தேன். அது அவருடைய பாட்டில்தான். நான் பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதனால வராதே" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

நேற்றே வந்திருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. எழுத்து இனிமேல் கிடையாது.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். கதை நீண்டுவிடும் என்று சொல்லாமல் வந்தேன், வேறு காரணம் இல்லை. முகாமில் என் கண்ணைப் பார்த்து முடித்த பிறகு, அந்தப் பிள்ளை மச்சானையும் கூப்பிட்டு, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டது.

"ஐயா, உங்களுக்குக் கண்ணுக்குள்ள தண்ணி வடியிற வழி ரொம்பக் குறுகலா இருக்கு. இந்தச் சொட்டு உங்களுக்குப் போடவே கூடாது. போட்டா பார்வையே போயிரும். சீக்கிரம் நெல்லைக்குப் போயி லேசர் வச்சுக்கிடுங்க" என்று சொல்லி, ஒரு அட்டையில் சிவப்பு மையால் எழுதியும் கொடுத்தது.

"சின்னப் பிள்ளை பயங்காட்டுது" என்று மச்சான் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். அவரும் போயிருக்கலாம், லேசர் வைத்திருக்கலாம். படித்தவர்தானே. அன்று சாயங்காலம் சட்டையை எங்கள் வீட்டுக் கொடியில் போட்டிருந்தபோது அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரி. கோழிக் கிறுக்கலான கையெழுத்து. யார் உதவியும் இல்லாமல் முழுதாக வாசித்து முடித்தேன். அச்சில் இல்லாத எழுத்தை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. வெகு நேரம் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் முகாமில் கொடுத்த தாளில், 'மருத்துவர் வேண்டாம் என்று கூறியவர்கள் பயன்படுத்தக் கூடாது' என்றுதான் அச்சடித்திருந்தது. அந்தப் பிள்ளை மருத்துவர் இல்லை. யாரோ டாக்டர் என்று கூப்பிட்டபோது, "நான் டாக்டர் இல்லைங்க" என்று அதுவே சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அபிதா கல்யாணம் முடிந்து சிவகிரிக்குப் போய்விட்டாள். மச்சான் இப்போது எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். காலையில் நான்தான் அவருக்குச் செய்தித்தாள் வாசிக்கிறேன். எனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் அவசரப்படுத்துவதில்லை. அவருக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

இருந்தாலும் மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பது நல்லதில்லை என்று தோன்றியது. அதனால் போன வாரம், இங்கே சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் நான்கு தாளில் எழுதினேன். கீழே என் கையெழுத்தும் போட்டேன். நேராக மச்சானிடம் போய், அவர் இரண்டு கையிலும் வைத்தேன்.

"என்ன மாப்ள இது?"

"உமக்குத்தான் மச்சான். நான் எழுதினது."

அவர் தாளைத் தடவிப் பார்த்தார். "எனக்கா? எங்கிட்ட குடுத்து என்ன செய்ய? நீரே வாசியும் வே" என்றார்.

நான் தாளை வாங்கிப் பிரித்தேன். ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, உம்மைப் போல ஒரு மச்சான் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று, அப்படியே கொஞ்ச நேரம் வாசித்தேன். தடங்கலே இல்லை. தாளில் இல்லாததை வாசிப்பது சுலபமாகத்தான் இருக்கிறது. மச்சான் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வாசிக்கீரு வே" என்றார். "நான்கூட இப்படி வாசிச்சதில்ல."

தாளை வாங்கி நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வள்ளித்தாய்க்கு எழுத்துத் தெரியாது. படுக்கை தட்டும்போது எடுத்துத் தட்டிவிட்டு, மறுபடி அங்கேயே வைத்துவிடுகிறாள்.

எனக்கு இப்போது எந்தப் பாரமும் இல்லை. செய்ததை ஒப்புக்கொண்டாயிற்று, அதுவும் வாய்வார்த்தையாக இல்லை, எழுத்தாகவே, உரியவர் கையிலேயே கொடுத்தாயிற்று. வாசிக்காமல் வைத்திருப்பது அவர் தப்பு.